இன்ஜின் ஆயில் தரச்சான்று

வண்டி இன்ஜினுக்கு ஊற்றும் ஆயிலைச் சோதித்து முத்திரை வழங்கும் முறை. காளையார்கோவில் கடைவீதியில் ‘20டபிள்யூ-40’ என்று கேட்டு வாங்கும் பைக் ஆயில் டப்பாவில் பொதுவாக மூன்று குறிகள் இருக்கும். மூன்றும் வெவ்வேறு காலத்தவை.

மூத்தது எண். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் (எஸ்.ஏ.இ.) 1911இல் தொடங்கிய இம்முறை ஆயிலின் பாகுநிலையை மட்டுமே சொல்லும். நுண்குழாய் வழியே ஆயில் இறங்கும் நேரத்தை வைத்து அளப்பார்கள்; 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் அது 40. குளிருக்கான 20டபிள்யூவை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள். சிவகங்கைச் சீமை அந்தக் குளிரைக் கண்டதில்லை. இங்கே 40தான் கணக்கு.

பாகுநிலை சரியாக இருந்தும் கசடு கட்டும் ஆயில் உண்டு. அதனால் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏ.பி.ஐ.) 1947இல் ஆயிலைத் தரவாரியாக மூன்றாகப் பிரித்தது. இன்றைய எழுத்து முறை 1970களின் தொடக்கத்தில் வந்தது: பெட்ரோலுக்கு எஸ், டீசலுக்கு சி, அடுத்த எழுத்து தரத்தைக் காட்டும். எஸ்பி 2020இலும் எஸ்க்யூ 2025இலும் நடைமுறைக்கு வந்தன.

இதற்குக் குழாய்ச் சோதனை போதாது, இன்ஜினையே ஓட்ட வேண்டும். ‘3எச்’ சோதனையில் ஆயிலைச் சுமார் 150 டிகிரி சூட்டில் 90 மணி நேரம் ஓட்டி, ஆயில் எவ்வளவு கெட்டிப்பட்டது என்று அளப்பார்கள். இன்ஜினைப் பிரித்து, பிஸ்டனில் படிந்த கரிக்கு மதிப்பெண் போடுவார்கள். சோதனைக்கூடமும் தேற வேண்டும்: பெயர் மறைத்த ஒப்பீட்டு ஆயிலை அனுப்பி அதன் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். உரிமம் தந்த பிறகும் கடைகளில் டப்பா வாங்கிச் சோதிப்பதுண்டு.

மூன்றாவது குறி ஜப்பானின் வாகனத் தர அமைப்பான ஜாசோ 1998இல் கொண்டுவந்தது. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயிலை ஊற்றினால் ஸ்லிப் ஆகும். பிடிமானம் நிற்கும் ஆயிலுக்கு எம்ஏ, மற்றதற்கு எம்பி. இது தயாரிப்பாளரே சோதித்துப் பதிவு செய்யும் முறை, ஏ.பி.ஐ. அளவுக்குக் கெடுபிடி இல்லை.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13656. தமிழ்நாட்டில் இன்ஜின் ஆயில் மூலப்பொருள்களுக்கு முக்கிய இடம் மணலி: 1969இல் இயங்கத் தொடங்கிய சென்னை சுத்திகரிப்பு ஆலை அடிப்படை எண்ணெய் தருகிறது; அதன் கூட்டு நிறுவனமான இந்தியன் அடிட்டிவ்ஸ் கலப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. இரண்டும் சேர்ந்த கலவைக்குத்தான் சான்று. அடிப்படை எண்ணெயை மாற்றினால் சில சோதனைகளை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.