திருகோணமலை என்றொரு தேக்குக் கப்பல்

இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மிகப் பழையது பம்பாயில் கட்டப்பட்டது. அதன் பெயர் 'டிரிங்கோமலி'. ஆங்கிலேயர் அப்படிச் சொல்வது நம் திருகோணமலையைத்தான்.

நெப்போலியன் காலப் போர்களில் இங்கிலாந்துக்கு ஓக் மரத் தட்டுப்பாடு. அதனால் 1812இல் கடற்படை இந்தக் கப்பலைத் தேக்கில் கட்டித் தரும்படி பம்பாய்க்கு ஆர்டர் கொடுத்தது. வரைபடங்களைச் சுமந்து வந்த 'ஜாவா' கப்பலைப் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்கர்கள் பிடித்து எரித்துவிட்டார்கள். மறுபடி படம் அனுப்பி, 1816இல்தான் வேலை தொடங்கியது. தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. பார்சி வழக்கப்படி ஏராவில் வெள்ளி ஆணி அறைந்தார்கள். 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியபோது போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

1819இல் இங்கிலாந்து போகும் வழியில், எந்த எதிரியை எதிர்க்கக் கட்டினார்களோ அந்த நெப்போலியன் சிறைப்பட்டிருந்த செயின்ட் ஹெலினாவில் சில நாள் நின்றது. அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோகோ அங்கிருந்து இதில்தான் ஏறினார். அப்புறம் கால் நூற்றாண்டு சும்மா கிடந்தது. 1847 முதல் மேற்கிந்தியத் தீவுகள், 1852 முதல் 1857 வரை பசிபிக். பெரிய கடற்போர் எதுவும் இதன் கணக்கில் இல்லை.

ஆனாலும் பிழைத்ததே, அதற்குக் காரணம் மலபார் தேக்கு. ஓக்கின் அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். சென்னை சேலையூரில் பழைய வீட்டை இடிக்கும்போதும் தேக்கு நிலையைத் தனியாகத்தான் விலைபேசுகிறோம். இந்தக் கப்பலையும் 1897இல் உடைசலுக்கு விற்றார்கள். வீட்லி காப் என்பவர் வாங்கி மீட்டார். கரைதட்டி உடைந்த தன் பழைய கப்பலின் நினைவாக 'ஃபூட்ராயன்ட்' என்று பெயர் மாற்றி, இளைஞர்களுக்குக் கடல்தொழில் பழக்கும் கப்பலாக வைத்தார். 1986 வரை அந்தப் பயிற்சி நடந்தது.

1987இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோனார்கள். 1860களிலும் அதே ஊரில் பயிற்சிக் கப்பலாக நின்றதுதான். 1992இல் திருகோணமலை என்ற பெயர் திரும்பியது. 2001இல் சீரமைப்பு முடிந்தது. உடற்பகுதியில் பாதிக்கு மேல் பம்பாயில் வைத்த அதே தேக்கு. கட்டணம் கட்டி ஏறுகிறவர்கள் வாடியாவின் தச்சர்கள் இழைத்த மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம்.