தோட்டப் பாடசாலையும் கற்றற் கருவிகளும்

கல்வி வரலாறு எழுதுவோர் சட்டங்களையும் ஆணைக்குழுக்களையும் விரிவாக ஆராய்வர். மாணாக்கன் கையில் இருந்த பொருள் யாது என வினவுவோர் சிலரே. ஏடும் எழுத்தாணியும், கற்பலகையும் அச்சுநூலும் தத்தம் காலத்திற் புதிய கருவிகளாகவே வந்தன. இன்று கணினியும் திறன்பலகையும் கைத்தொலைபேசியும் வகுப்பறையுட் புகுந்துள்ளன. இவற்றால் விளையும் பயன் எத்தகையது? இவ்வினாவுக்கு மலையகத் தேயிலைத் தோட்டங்களின் கல்வி வரலாறு தெளிவான விடையொன்று தருகின்றது. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரில், படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கென அமைந்த பள்ளியை 1789 முதல் மேற்பார்த்த அந்திரு பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்புவித்து, முன்னே கற்றுக்கொண்ட மாணவனைக் கொண்டு மற்றையோர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே இது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று, இங்கிலாந்தின் ஏழைச் சிறுவர் பள்ளிகளிற் பரவிற்று. மணலுக்கு இப்பெருமை எவ்வாறு வந்தது? அது செலவின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. பிழைபட்டதை அழித்து மீண்டும் எழுத இடந்தந்தது. பிழையைக் காட்டித் திருத்த அருகே ஒருவன் இருந்தான். கருவியின் பயனை அளக்க இம்மூன்றும் போதிய அளவுகோல்களாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் வந்தனர். தம் ஊர்த் திண்ணைப் பள்ளியின் படியேறவும் உரிமை பெறாதோர் அவருட் பலர். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களிற் சில பாடசாலைகளை நடத்திற்று. ஆயினும் சட்டத்தின் கடமையாகக் கல்வி வந்தது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின்னரே. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கேற்ற கூடமொன்றைப் பேணுவதும் தோட்டத்துரையின் கடமை என அச்சட்டம் விதித்தது. பத்து வயதோடு அக்கடமை முடிந்தது. அதற்குமேற் பிள்ளையை எதிர்நோக்கியிருந்தது கொழுந்துக் கூடையே.

இவ்வாறு எழுந்த பாடசாலைகளுட் பல, ஒரு தகரக் கொட்டகையும் ஓர் ஆசிரியருமே உடையன. ஒரு வகுப்பு வாய்ப்பாடு ஒப்புவிக்க, மற்றொரு வகுப்பு எழுத, வேறொரு வகுப்புக் கணக்குச் செய்யும். கரும்பலகை ஒன்று, வெண்கட்டி சில, பிள்ளைகள் கையிற் சிலேட்டு. வறிய கல்வியே எனினும், சிலேட்டு மணலின் குணங்களை உடையது. ஆசிரியர் ஒரு வகுப்பை நோக்கும்போது, மற்றைய வகுப்பினர் அதில் எழுதிக்கொண்டிருந்தனர். அவர் திரும்பி வந்து அதனைப் பார்த்தார், திருத்தினார். எளிய கருவியும் ஆசிரியர் பார்வையும் கூடியபோது எழுத்தறிவு பிறந்தது.

இனி மின்சாரத்தின் வரலாற்றைக் காண்போம். மலையகத்து நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் விரிவான கட்டுரை வாயிலாக எடுத்துரைத்தார். லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969இலும் நிறைவெய்தின; பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. மலையில் விளைந்த மின்சாரம் கம்பிவழியே கொழும்புக்குச் சென்றது. அக்கம்பிகளின் கீழிருந்த லயங்களுட் பலவற்றிலோ, மேலும் பல ஆண்டுகள் பிள்ளைகள் குப்பி விளக்கின் புகையிலேதான் படித்தனர். நான் பிறந்த லயத்தில் முதன்முதல் மின்விளக்கு எரிந்தபோது ஆறாம் வகுப்பிற் கற்றுக்கொண்டிருந்தேன். என் தாயார் அன்றிரவு விளக்கை அணைக்க மனமின்றி நெடுநேரம் அமர்ந்திருந்தது இன்றும் நினைவில் நிற்கின்றது.

தொலைக்காட்சியின் கதையும் அத்தகையதே. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிற்று. அதன் முதன்மை ஒளிபரப்பி, 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால மலையின் உச்சியில் அமைந்தது. கல்வி நிகழ்ச்சிகளும் அதிற் சென்றன. மின்சாரமற்ற பாடசாலைக்கு அவை தலைக்கு மேலே பறந்த பறவைகள் போன்றவையே. அடிவாரத்துப் பிள்ளையைக் கடந்து அவை நாடெங்குஞ் சென்றன.

இதனிடையே வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோதிலும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேதான். அதன்பின் சுவீடன் நாட்டு உதவியாற் கட்டடங்கள் எழுந்தன; ஜெர்மானிய உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி அமைந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் மலையகத்திலிருந்தே தோன்றினர். மலையகக் கல்வியை உயர்த்தியவற்றுள் இதனினும் சிறந்த கருவி வேறில்லை என்பது என் துணிபு.

2020 மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பழைய வினா புதிய வடிவில் எழுந்தது. பாடங்கள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வந்தன. வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி. அதுவும் மலைக்கு வேலைக்குச் செல்லும் தாயின் கையில். அலை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் ஏறினர். என் மாணவி ஒருத்தியின் விடைகள் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே வரும். தாய் கொழுந்து நிறுத்து வீடு திரும்பி, சமைத்து முடித்த பின்பே தொலைபேசி அவளுக்குக் கிடைக்கும். முடிவில் நான் வினாத்தாள்களை அச்சிட்டுப் பிள்ளைக் காம்பராவில் வைத்தேன். காகிதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டிற்று.

இதனாற் புதிய கருவிகளை வெறுத்தல் வேண்டும் என்பது கருத்தன்று. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில், இதயம் இயங்கும் முறையைத் திரையிற் கண்ட பிள்ளையின் கண்கள் விரிவதை நான் கண்டிருக்கின்றேன். அது கரும்பலகையிற் பெறவொண்ணாத பயன். ஆயின் திரையை நிறுத்தி, “இப்பொழுது குருதி எங்கே செல்கின்றது?” எனக் கேட்கும் ஆசிரியர் இல்லாவிடின், அது வெறுங் காட்சியாய் முடியும்.

பழைய மாணவர் தம் பாடசாலைக்குத் திறன்பலகை நல்குவது போற்றற்குரியது. நல்குமுன் மூன்றை வினவுதல் நலம்: இது கடைசி வாங்கிலுள்ள பிள்ளைக்கும் எட்டுமா? பிழைவிட்டுத் திருத்திப் பழக இடந்தருமா? இதனைக் கொண்டு கற்பிக்கவும், பழுதுற்றால் திருத்தவும் ஒருவர் அங்கே உளரா? மணலுக்கும் சிலேட்டுக்கும் இவ்வினாக்களுக்கு விடை இருந்தது. மின்சாரமும் தொலைக்காட்சியும் நம் மலைக்கு வந்தபோது இவற்றைக் கேட்டார் இலர். அதனால் ஒரு தலைமுறையே இழந்தது. இனி வரும் கருவியும் அவ்வாறு தலைக்கு மேலே பறந்துபோக விடுதல் நமக்குத் தகாது.