அந்தரங்கம்

தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து இறங்கி வந்து தேங்கும் கெலவரப்பள்ளியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அன்றாடம் கலந்து ஒலிக்கும். ‘அந்தரங்கம்’ என்ற சொல் மூன்றிலும் உண்டு, பொருள்தான் வேறு.

வடமொழியில் அந்தர் என்றால் உள்ளே, அங்கம் என்றால் உறுப்பு. அதன் எதிர்ச்சொல் ‘பகிரங்கம்’: வெளி உறுப்பு. கன்னடத்திலும் தெலுங்கிலும் அந்தரங்கம் முதன்மையாக உள்மனத்தைக் குறிக்கிறது. தமிழிலோ அது ஒளித்து வைக்க வேண்டிய இரகசியத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘அந்தரங்கச் செயலாளர்’ போன்ற தொடர்களில் மட்டும் நம்பிக்கைக்குரியவர் என்ற பழைய நெருக்கம் மிச்சமிருக்கிறது.

ஆதாரை எதிர்த்து கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அடிப்படை உரிமை என்று அறிவித்த ‘பிரைவசி’யை நம் நாளிதழ்கள் இரண்டு விதமாகவும் எழுதின: ‘அந்தரங்க உரிமை’, ‘தனியுரிமை’. எனக்குப் பின்னதே சரியென்று படுகிறது. ஆதாருக்குக் கைரேகையைத் தர மறுப்பவரிடம் ஒளிக்க எதுவும் இருக்க வேண்டியதில்லை, ரேகை அவருடையது. தனி, உரிமை என்ற இரண்டு எளிய சொற்கள் அதை நேராகச் சொல்கின்றன. தனிப்பட்டதைக் கன்னடர் ‘காசகி’ என்பார்கள். அதன் வேரான அரபிச் சொல் ‘காஸ்’ என்றால் தனக்கே உரியது.