இகேடா அமைச்சரவை (1960–1964)

ஜப்பானில் ஹயாடோ இகேடா பிரதமராக இருந்த காலத்தில், 1960 ஜூலை 19 முதல் 1964 நவம்பர் 9 வரை, பதவியில் இருந்த அரசு. ஏட்டுக் கணக்கில் இது மூன்று அமைச்சரவைகள். அவற்றுக்குள் நான்கு மாற்றியமைப்புகள். அந்த நான்கும் நடந்தது ஒரே தேதியில்: 1961, 1962, 1963, 1964 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் ஜூலை 18. போருக்குப் பிந்தைய ஜப்பானில் அமைச்சர் பதவி எப்படிப் பங்கிடப்பட்டது, எதற்காக ஆண்டுதோறும் கை மாறியது என்பதைப் புரிந்துகொள்ள இந்த அரசைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சட்டப் பின்னணி

1889ஆம் ஆண்டு மெய்ஜி அரசியலமைப்பின் கீழ் பிரதமருக்குத் தம் அமைச்சர்களை நீக்கும் அதிகாரம் கிடையாது. ஒவ்வோர் அமைச்சரும் தனித்தனியே பேரரசருக்குப் பொறுப்பானவர். ஓர் அமைச்சர் விலக மறுத்துவிட்டால் பிரதமருக்கு எஞ்சிய வழி மொத்த அமைச்சரவையோடு தாமும் பதவி விலகுவதுதான். 1944இல் அமைச்சரவையை மாற்றியமைத்துப் பதவியில் நீடிக்கப் பார்த்த பிரதமர் ஹிடேகி டோஜோவுக்கு இதுவே நேர்ந்தது. நொபுசுக்கே கிஷி என்ற அமைச்சர் விலக மறுத்தார். டோஜோ அரசு கவிழ்ந்தது. அதுவும் ஒரு ஜூலை 18 என்பது தற்செயல்.

1947 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு இந்த நிலையைத் தலைகீழாக்கியது. பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் பிரதமரின் விருப்பம். அமைச்சர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அனைவரும் ராணுவத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பரிலேயே பிரதமர் டெட்சு கதயாமா தம் வேளாண் அமைச்சர் ரிகிசோ ஹிரானோவை நீக்கி இந்த அதிகாரத்தைப் பயன்படுத்திக் காட்டினார். பொதுத்தேர்தல் முடிந்து நாடாளுமன்றம் கூடியதும் அமைச்சரவை முழுதாக விலகிப் புதிதாக அமைய வேண்டும் என்பதும் விதி. எனவே தேர்தலுக்குப் பின் அமைவது 'இரண்டாவது', 'மூன்றாவது' அமைச்சரவை என்று எண்ணப்படும். இடையில் ஆட்களை மாற்றினால் அது அதே அமைச்சரவையின் மாற்றியமைப்பு.

சட்டம் பிரதமருக்குத் தந்த இந்தச் சுதந்திரத்தைக் கட்சி திரும்ப வாங்கிக்கொண்டது. 1955 நவம்பரில் உருவான லிபரல் ஜனநாயகக் கட்சி பல கோஷ்டிகளின் கூட்டு. கட்சித் தலைவர் பதவியே பிரதமர் பதவி. அதன் காலம் அப்போது இரண்டு ஆண்டுகள். தலைவர் தேர்தலில் ஆதரவு தந்த கோஷ்டிக்கு அமைச்சர் பதவி தர வேண்டும். எதிர்த்த கோஷ்டியையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. பலமுறை தேர்தலில் வென்றும் அமைச்சராகாமல் காத்திருப்போர் வரிசை ஒவ்வொரு கோஷ்டியிலும் நீண்டிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை இடங்களைக் காலி செய்தால்தான் அந்த வரிசை நகரும். ஜூலை 18கள் நான்கு முறை வந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

முதல் அமைச்சரவை

இகேடா ஹிரோஷிமா மாவட்டத்தில் சாக்கே மது வடிக்கும் குடும்பத்தில் 1899இல் பிறந்தவர். நிதித்துறை அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1949இல் முதன்முறை தேர்வானதுமே ஷிகெரு யோஷிடாவின் அமைச்சரவையில் நிதி அமைச்சரானார். பேச்சில் நிதானம் போதாதவர். சிறு வணிகர் சிலர் நொடித்துப்போய் உயிரை மாய்த்துக்கொண்டாலும் தவிர்க்க முடியாது என்ற பொருளில் பேசிய பேச்சுக்காக 1952 நவம்பரில் தொழில் வணிக அமைச்சர் பதவியை இழந்தார். அவர்மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 208க்கு 201 என்ற வாக்குகளில் நிறைவேறியது. எதிர்க்கட்சிகளின் பலம் மட்டும் அதற்குப் போதவில்லை; சொந்தக் கட்சியின் எதிர்க்கோஷ்டி அவைக்கு வராமல் இருந்ததும் காரணம். கோஷ்டியைக் கவனிக்காத அமைச்சருக்கு என்ன நேரும் என்பதை அவர் அன்றே பட்டறிந்துவிட்டார்.

1960இல் பிரதமராக இருந்தவர் டோஜோ காலத்தில் விலக மறுத்த அதே கிஷி. அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை அவர் நாடாளுமன்றத்தில் வலிந்து நிறைவேற்றியதும் டோக்கியோ தெருக்கள் கொந்தளித்தன. ஜூன் 15இல் மாணவி ஒருவர் உயிரிழந்தார். கிஷி விலகினார். ஜூலை 14இல் கட்சித் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் இகேடா 302 வாக்குகளும் மிட்சுஜிரோ இஷீ 194 வாக்குகளும் பெற்றனர். அன்றே கிஷி பிரதமர் இல்லத்தில் கத்தியால் குத்தப்பட்டுக் காயமடைந்தார்.

இந்தச் சூழலில் அமைந்த முதல் அமைச்சரவைக்கு இகேடா வைத்த முழக்கம் பொறுமையும் சகிப்பும். தோற்ற இஷீ தொழில் வணிகத் துறையை ஏற்றார். வெளியுறவு சென்டாரோ கொசாகாவுக்கு, நிதி மிக்கியோ மிசுட்டாவுக்கு. அமைச்சரவைத் தலைமைச் செயலராக இகேடாவின் நம்பிக்கைக்குரிய மசயோஷி ஓஹிரா அமர்ந்தார். தொழிலாளர் துறைக்கு வந்த ஹிரோஹிடே இஷிடாவின் கையில் கியூஷுவின் மீகே நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் வந்து விழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அது முடிவுக்கு வந்தது.

இந்த அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்ற மசா நாகயாமா ஜப்பானின் முதல் பெண் அமைச்சர். பெண்கள் 1946இலேயே வாக்களித்து நாடாளுமன்றத்துக்கும் வந்துவிட்டார்கள். அமைச்சர் நாற்காலிக்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. அவரை ஐந்து மாதம்கூட இருக்கவிடவில்லை. தேர்தலுக்கு முன் பெண் வாக்காளர்களுக்குக் காட்டிய முகம், தேர்தலுக்குப் பின் பங்கீட்டுக் கணக்கில் விடுபட்டுப்போயிற்று. அவருடைய மகன்கள் டாரோ, மசாக்கி இருவரும் பிற்காலத்தில் அமைச்சர்களானார்கள்.

அக்டோபர் 12இல் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசானுமா ஹிபியா பொது மண்டப மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது பதினேழு வயது இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். காவல்துறைக்குப் பொறுப்பாக இருந்த இவாவோ யமாசாகி பதவி விலகினார். இகேடா நாடாளுமன்றத்தில் ஆற்றிய இரங்கல் உரை, எதிர்க்கட்சியினரும் மதித்த பேச்சு. நவம்பர் 20 தேர்தலில் ஆளுங்கட்சி 296 இடங்களைப் பிடித்தது.

இரண்டாவது அமைச்சரவையும் 1961 மாற்றமும்

1960 டிசம்பர் 8இல் அமைந்த இரண்டாவது அமைச்சரவை அந்த மாதம் 27ஆம் தேதி தேசிய வருமான இரட்டிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பத்தாண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியை இரு மடங்காக்குவது இலக்கு. சராசரி ஆண்டு வளர்ச்சி 7.2 விழுக்காடு இருந்தால் அது கைகூடும். உண்மையில் ஏழு ஆண்டுகளிலேயே கைகூடிவிட்டது.

இந்த அமைச்சரவையின் சுகாதார அமைச்சர் யோஷிமி ஃபுரூயிக்கு இங்கே தனியிடம் தர வேண்டும். 1960இல் 5,000க்கும் மேற்பட்ட ஜப்பானியரை, பெரும்பாலும் குழந்தைகளை, இளம்பிள்ளை வாதம் தாக்கியது. மறு ஆண்டும் நோய் பரவத் தொடங்கியதும் தாய்மார்கள் சுகாதார அமைச்சகத்தை முற்றுகையிட்டார்கள். சோவியத் நாட்டில் பயன்பாட்டுக்கு வந்திருந்த வாய்வழிச் சொட்டு மருந்துக்கு ஜப்பானிய விதிகளின்படி சோதனை முடியவில்லை. கம்யூனிஸ்ட் நாட்டு மருந்து என்ற தயக்கமும் இருந்தது. 1961 ஜூன் 21இல் ஃபுரூயி விதியைப் புறந்தள்ளி, முழுப் பொறுப்பும் தமதே என்று அறிவித்து, சோவியத் நாட்டிலிருந்தும் கனடாவிலிருந்தும் 1 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கான மருந்தை இறக்குமதி செய்ய முடிவெடுத்தார். நோய் வேகமாக அடங்கியது. அந்த முடிவுக்கு ஒரு மாதம்கூட நிறையாத நிலையில், ஜூலை 18 மாற்றத்தில் அவர் பதவியிலிருந்து இறங்கினார். தவறு செய்ததற்காக அல்ல. அது ஜூலை மாதம், அவ்வளவுதான் காரணம். இகேடா காலத்தில் சுகாதாரத் துறைக்கு மட்டும் ஆறு அமைச்சர்கள் வந்து போனார்கள்: நாகயாமா, ஃபுரூயி, நடாவோ, நிஷிமுரா, கோபயாஷி, கண்டா. ஒருவர் துறையைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். துறையை உள்ளபடி நடத்தியவர்கள் நிரந்தர அதிகாரிகள்தான். ஃபுரூயியைப் போல அதிகாரிகளின் தயக்கத்தை மீறி முடிவெடுத்த அமைச்சர் எத்தனை அரியவர் என்பது அப்போதுதான் விளங்கும்.

1961 ஜூலை மாற்றத்தை அன்றைய பத்திரிகைகள் பெருந்தலைகளின் அமைச்சரவை என்றன. ஐசாகு சாடோ தொழில் வணிகத் துறைக்கும், இச்சிரோ கோனோ வேளாண் துறைக்கும், ஐச்சிரோ ஃபுஜியாமா பொருளாதாரத் திட்ட முகமைக்கும், டகேயோ மிக்கி அறிவியல் தொழில்நுட்ப முகமைக்கும், ஷோஜிரோ கவாஷிமா நிர்வாக மேலாண்மை முகமைக்கும் வந்தார்கள். ஒவ்வொருவரும் கட்சிக்குள் ஓர் அதிகார மையம். இவர்களில் கோனோ, முந்தைய ஆண்டு கோடையில் கட்சியை உடைத்துப் புதுக்கட்சி தொடங்கும் விளிம்புவரை போனவர். சாடோவோ கிஷியின் உடன்பிறந்த தம்பி. குமமோட்டோவின் ஐந்தாம் உயர்நிலைப் பள்ளியில் இகேடாவோடு படித்தவர். அடுத்த பிரதமர் நாற்காலிக்குக் காத்திருந்தவர்.

போட்டியாளர்களை வெளியே விட்டால் விமர்சிப்பார்கள், உள்ளே வைத்தால் அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு அவர்கள் வாயைக் கட்டும் என்பது இகேடாவின் கணக்கு. ஓராண்டுக்கு அது பெருமளவு பலித்தது. பலிக்காத இடம் ஃபுஜியாமா. வேகமான வளர்ச்சி இறக்குமதியைப் பெருக்கி அந்நியச் செலாவணிக் கணக்கில் பற்றாக்குறையை உண்டாக்கியபோது, திட்ட முகமையின் தலைவரே பிரதமரின் கொள்கையைக் குறை கூறினார். 1962 ஜூலை தொடக்கத்தில் அவர் பதவியைத் துறந்தார். ஆனால் ஜூலை 14 கட்சித் தலைவர் தேர்தலில் அவரும் நிற்கவில்லை, சாடோவும் நிற்கவில்லை. எதிர்ப்பின்றி நின்ற இகேடாவுக்கு 466இல் 391 வாக்குகள் விழுந்தன.

1962: தனாகாவும் ஓஹிராவும்

நான்கு நாள் கழித்து நடந்த மாற்றம் இகேடாவின் ஆட்சியிலேயே மிகத் துணிச்சலானது. பெருந்தலைகளில் சிலரை விடுவித்து, நிதியைக் காக்குவே தனாகாவிடமும் வெளியுறவை ஓஹிராவிடமும் கொடுத்தார். பொருளாதாரத் திட்ட முகமை கிச்சி மியாசாவாவுக்கு. ஓஹிராவும் மியாசாவாவும் நிதித்துறையில் இகேடாவின் செயலர்களாக இருந்தவர்கள். கோனோ கட்டுமானத் துறைக்கு மாறி, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை முன்னிட்டுச் சாலைகள் எழும்பிய காலத்தில் அங்கே இருந்தார்.

தனாகாவுக்கு அப்போது 44 வயது. நீகட்டா மாவட்டக் கிராமம் ஒன்றில் தொடக்கக் கல்வியோடு நிறுத்தி, பதினைந்து வயதில் டோக்கியோவுக்கு வேலை தேடி வந்தவர். நிதி அமைச்சகமோ டோக்கியோ பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரிகளின் கோட்டை. பொறுப்பேற்றதும் அதிகாரிகளைக் கூட்டி, தம் படிப்பு அவ்வளவுதான் என்றும், யார் வேண்டுமானாலும் தம் அறைக்கு நேரே வரலாம் என்றும், செய்யக்கூடியதைச் செய்வதாகவும் பொறுப்பைத் தாமே ஏற்பதாகவும் அவர் சொன்னதாக இன்றுவரை பேசப்படுகிறது. அதிகாரிகள் அவருக்காக உழைத்தார்கள். 1965 ஜூன்வரை, மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைய, அவர் அந்த நாற்காலியில் இருந்தார்.

ஓஹிரா 1962 நவம்பர் 12இல் தென்கொரியாவின் கிம் ஜோங் பில்லோடு பேசி ஒரு குறிப்பில் உடன்பட்டார்: 30 கோடி டாலர் கொடை, 20 கோடி டாலர் அரசுக் கடன், 10 கோடி டாலருக்கு மேல் தனியார் கடன். 1965இல் இரு நாடுகளும் உறவை இயல்பாக்கிக்கொண்டதற்கு அந்தக் குறிப்பே அடித்தளம்.

இகேடாவின் மாற்றங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். கோஷ்டிகளுக்குப் பங்கிட்ட துறைகளில் ஆண்டுதோறும் ஆட்கள் மாறினார்கள். தம் கொள்கைக்கு உயிரான துறைகளில் அவர் அடிக்கடி கைவைக்கவில்லை. நிதிக்கு மொத்தமே இரண்டு பேர், மிசுட்டாவும் தனாகாவும். வெளியுறவுக்கு மூன்று பேர். கொசாகாவும் ஓஹிராவும் தலா இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். கல்வியை மசுவோ அராகி மூன்றாண்டு வைத்திருந்தார். ஓர் அரசின் உண்மையான முன்னுரிமை எது என்பதை அதன் அறிக்கைகளைவிட இந்தப் பட்டியல் நேர்மையாகச் சொல்கிறது.

இதே மாற்றத்தில் அறிவியல் தொழில்நுட்ப முகமைக்கு வந்த சுருயோ கொண்டோ இரண்டாவது பெண் அமைச்சர். அவர் 1963இல் இறங்கிய பின், 1984இல் ஷிகெரு இஷிமோட்டோ சுற்றுச்சூழல் முகமைக்கு வரும்வரை எந்த அமைச்சரவையிலும் ஒரு பெண்ணும் இல்லை.

கடைசிக் கட்டம்

1963 ஜூலை மாற்றத்தில் சாடோ மீண்டும் உள்ளே வந்தார். ஹொக்கைடோ மேம்பாடும் அறிவியல் தொழில்நுட்பமும் அவருக்கு. நவம்பர் 21 தேர்தலில் கட்சி 283 இடங்களைப் பெற்றது. டிசம்பர் 9இல் அமைந்த மூன்றாவது அமைச்சரவையில் இகேடா எல்லா அமைச்சர்களையும் அப்படியே மறுநியமனம் செய்தார். 1964 ஏப்ரலில் ஜப்பான் பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பில் உறுப்பினரானது.

அந்த ஆண்டு ஜூலை 10 கட்சித் தலைவர் தேர்தலுக்காகச் சாடோ அமைச்சர் பதவியை விட்டு விலகி நேரடியாக மோதினார். இகேடாவுக்கு 242, சாடோவுக்கு 160, ஃபுஜியாமாவுக்கு 72. பெரும்பான்மைக்குத் தேவையானதைவிட நான்கே வாக்குகள் கூடுதல். நான்காவது ஜூலை 18 மாற்றத்தில் வெளியுறவு எட்சுசபுரோ ஷீனாவுக்குப் போனது. ஒலிம்பிக் பொறுப்பைக் கோனோ ஏற்றார். தனாகா நிதியில் நீடித்தார்.

செப்டம்பரில் இகேடா மருத்துவமனையில் சேர்ந்தார். தொண்டைப் புற்றுநோய் என்பது மக்களுக்குச் சொல்லப்படவில்லை. அக்டோபர் 10இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கி 24இல் முடிந்தது. 25ஆம் தேதி அவர் பதவி விலகலை அறிவித்தார். சாடோ, கோனோ, ஃபுஜியாமா மூவரும் வாரிசுரிமை கேட்டு நின்றார்கள். கவாஷிமாவும் மிக்கியும் கட்சிக்குள் கருத்துக் கேட்டு முடித்த பின் இகேடா சாடோவின் பெயரைச் சொன்னார். நவம்பர் 9இல் பதவியேற்ற சாடோ, அமைச்சரவைத் தலைமைச் செயலர் ஒருவரைத் தவிர இகேடாவின் அமைச்சர்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டார். அவர் தமக்கான முதல் மாற்றத்தைச் செய்தது 1965 ஜூன் 3இல். இகேடா அந்த ஆண்டு ஆகஸ்ட் 13இல் காலமானார்.

அவருடைய அமைச்சரவைகளில் அமர்ந்தவர்களில் சாடோ, தனாகா, மிக்கி, ஓஹிரா, முதல் அமைச்சரவையில் அஞ்சல் துறையை வகித்த செங்கோ சுசுகி, மியாசாவா ஆகிய ஆறு பேர் பின்னர் பிரதமரானார்கள். 1964 நவம்பர் முதல் 1982 நவம்பர் வரை ஜப்பானை ஆண்ட பிரதமர்களில் இகேடாவின் அமைச்சரவையில் இடம்பெறாதவர் டகேயோ ஃபுகுடா ஒருவரே.