காலை ஆறரை மணி: ஜப்பானிய வானொலி உடற்பயிற்சியின் வரலாறு

ஜப்பானில் ஆண்டின் எல்லா நாள்களிலும் காலை 6.30 மணிக்குப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் வானொலியில் பத்து நிமிட உடற்பயிற்சி நிகழ்ச்சி ஒன்று ஒலிபரப்பாகிறது. ஒரு பியானோவின் இசையும், அதன் தாளத்தோடு ஒட்டி அசைவுகளைச் சொல்லிக்கொண்டே போகும் ஒரு குரலுமே அதில் உண்டு. அதைக் கேட்டபடி பூங்காக்களிலும் கோயில் முற்றங்களிலும் கூடிக் கைகால்களை அசைப்போரில் முதியவர்களே மிகுதி. ராஜியோ தைசோ, அதாவது வானொலி உடற்பயிற்சி, எனப்படும் இவ்வழக்கம் முதுமையில் உடல்நலம் பேணுவதற்குச் சான்றாக இன்று பல நாடுகளிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. எனினும் அது முதியவர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டதன்று. காப்பீட்டுத் துறை ஒன்றின் வரவுசெலவுக் கணக்கிலிருந்து பிறந்து, போர்க்கால அரசின் கையில் அணிவகுப்பாக மாறி, இடையில் நின்றுபோய், மீண்டும் தளிர்த்து, தன்னைச் சிறுவயதில் கற்றவர்களோடு சேர்ந்து தானும் முதுமையடைந்த வழக்கம் அது.

ஆயுள் காப்பீட்டின் கணக்கு எளிது. காப்பீடு எடுத்தவர் நெடுநாள் வாழ்ந்தால் அவர் கட்டும் தவணைத் தொகை நிறுவனத்துக்கு நெடுநாள் வந்துகொண்டிருக்கும். முன்கூட்டியே இறந்தால் இழப்பீட்டைக் கொடுத்துத் தீர வேண்டும். ஆகவே வாடிக்கையாளரின் உடல்நலம் என்பது அறச்செயல் மட்டுமன்று, முதலீடும் ஆகும் என்பதை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டது. வாரந்தோறும் சில சென்டுகளைத் தவணையாகக் கட்டிய தொழிலாளர் குடும்பங்களே அதன் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் என்பதால், 1909இல் அவர்களுடைய வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பத் தொடங்கிய அந்நிறுவனம், காசநோய், குழந்தை வளர்ப்பு போன்றவை பற்றிய சிறு வெளியீடுகளையும் இலட்சக்கணக்கில் அச்சிட்டு வழங்கியது. 1925ஆம் ஆண்டு மார்ச் 31 முதல் தன் கோபுரக் கட்டடத்திலிருந்தே காலை உடற்பயிற்சியை வானொலி வழியே ஒலிபரப்பவும் முற்பட்டது. ஆர்தர் பாக்லி என்பவர் நடத்திய அந்த நிகழ்ச்சி 1935 வரை நீடித்துப் பின்னர் மறக்கப்பட்டது. பிறந்த ஊரில் பத்தாண்டு அளவே நீடித்த ஒன்று கடல் கடந்து நூற்றாண்டை நெருங்கி நிற்பது காப்பீட்டு வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஜப்பானில் அது ஊன்றிய நிலம் அஞ்சல் நிலையம். 1916 அக்டோபரில் அந்நாட்டு அரசு, கனி ஹோகென், அதாவது எளிய காப்பீடு, என்ற பெயரில் அஞ்சல் நிலையங்கள் வழியே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் ஏறெடுத்தும் பார்க்காத உழவர், கூலித் தொழிலாளர், சிறுகடைக்காரர் ஆகியோருக்காகவே வகுக்கப்பட்ட அத்திட்டத்தில் சேர மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. தவணைத் தொகையும் சிறியது. பரிசோதனை இல்லாமல் ஆள்களைச் சேர்க்கும் காப்பீடு, நோயாளிகளையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கும். 1920களின் முற்பகுதியில் ஜப்பானியரின் சராசரி ஆயுள், அதாவது ஒரு குழந்தை பிறக்கும்போது அக்கால இறப்பு விகிதங்களின்படி எத்தனை ஆண்டுகள் வாழும் என எதிர்பார்க்கலாம் என்னும் கணக்கு, ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 43 என்ற அளவிலேயே இருந்தது. குழந்தை இறப்பு அதற்கு ஒரு பெருங்காரணம் என்றால், இளைஞரை வாரிக்கொண்டுபோன காசநோய் மற்றொன்று. இந்நிலையில் அமெரிக்காவுக்குச் சென்று மெட்ரோபாலிட்டனின் முறைகளைக் கண்டுவந்த காப்பீட்டு அதிகாரிகளுக்கு, மருத்துவரும் மருந்தும் இல்லாமல், ஏறத்தாழச் செலவே இல்லாமல், மக்களின் உடலைத் திடப்படுத்த வானொலி உதவும் என்ற எண்ணம் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

வாய்ப்பாக அமைந்தது பேரரசர் ஹிரோஹிதோவின் முடிசூட்டு விழா. 1928 நவம்பரில் நடந்த அவ்விழாவின் நினைவாக, ‘தேசிய நலப் பயிற்சி’ என்ற பெயரில் அம்மாதம் முதல் நாள் தோக்கியோ நிலையம் தன் முதல் ஒலிபரப்பைச் செய்தது. அடுத்த ஆண்டில் அது நாடு முழுவதும் கேட்டது. இராணுவ இசைக்குழுவில் பணியாற்றியிருந்த எகி ரிஈச்சி என்ற அறிவிப்பாளரின் குரலே பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காலை 7 மணிக்கு நாட்டை எழுப்பிய குரல். ஒலிபரப்பைக் கேட்பவர் அசைவுகளைக் கண்ணால் காண இயலாது என்பதால், அஞ்சல் ஊழியர்கள் முதலில் அவற்றைக் கற்றுக்கொண்டு தத்தம் ஊரில் மக்களுக்குக் கற்பித்தனர். கடிதத்தையும் காப்பீட்டுத் தவணையையும் சுமந்து ஊர்தோறும் திரிந்த ஒரு துறையைத் தவிர வேறெந்தத் துறையாலும் இவ்வளவு விரைவில் இதைச் செய்திருக்க முடியாது.

வானொலிப் பெட்டி எல்லா வீடுகளிலும் இல்லாத காலம் அது. பெட்டி உள்ள இடத்தில் அக்கம்பக்கத்தார் கூடுவது இயல்பாகவே நிகழ்ந்தது. 1930இல் தோக்கியோவின் கந்தா பகுதியில், கோடை விடுமுறையில் விடியற்காலையில் எழாமல் சோம்பியிருந்த சிறுவர்களை ஒரு காவலர் திரட்டி நடத்திய கூட்டுப் பயிற்சியே, பின்னர் நாடெங்கும் பரவிய வானொலி உடற்பயிற்சிச் சங்கங்களுக்கு முன்னோடி என்று கூறப்படுகிறது. கோடை விடுமுறை நாள்களில் சிறுவர்கள் கழுத்தில் ஒரு வருகை அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய், பயிற்சி முடிந்ததும் அதில் ஒரு முத்திரை குத்தி வாங்கிவரும் வழக்கம் இந்த மரபில் வளர்ந்ததே. முத்திரை குத்துபவர் பெரும்பாலும் அத்தெருவின் பெரியவராக இருப்பார். விடுமுறை முடிவில் தவறாமல் வந்தவருக்குப் பென்சிலோ குறிப்பேடோ பரிசாகக் கிடைக்கும். இந்தச் சிறுவர் கூட்டமே இவ்வழக்கத்தின் நீடிப்புக்கு அடிப்படை எனலாம். அறுபது வயதில் புதிதாக ஓர் உடற்பயிற்சியைத் தொடங்குவது பலருக்கும் கைகூடாத காரியம். ஆறு வயதில் உடலில் ஏறிய அசைவு வரிசையோ, பியானோவின் முதல் சில சுரங்கள் காதில் விழுந்ததும் யோசனையின்றித் தானே வெளிப்படுகிறது.

1930களின் பிற்பகுதி இதன் இருண்ட காலம். சீனாவுடன் முழுப் போர் மூண்டபின், 1938இல் நலத்துறை அமைச்சகமும் 1940இல் தேசிய உடல்வலுச் சட்டமும் வந்தன. குடிமகனின் உடல் அரசின் படைக்கலமாகவே எண்ணப்பட்டது. காலைப் பயிற்சியோடு கொடியேற்றமும், அரண்மனை இருக்கும் திசை நோக்கி வணங்குவதும் சேர்ந்தன. கொரியா, தைவான் போன்ற ஆட்சிப்பகுதிகளுக்கும் பயிற்சி எடுத்துச் செல்லப்பட்டது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியிலிருந்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளி மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் காலையில் இதைச் செய்ய வேண்டியிருந்தது. அங்கு வாழ்ந்த தமிழரும் அதற்கு விலக்கல்லர். நலம் பேணும் பழக்கம் கட்டாயமாகும்போது அது யாருடைய நலம் என்ற கேள்வி எழுகிறது. ரேஷன் அரிசிக்கே வழியில்லாத மக்களைக் கைகளை உயர்த்தித் தாழ்த்தச் சொன்ன அந்த ஆண்டுகளில், அது செய்பவரின் நலமாக இருக்கவில்லை என்பது தெளிவு.

போர் முடிந்தபின் ஜப்பானை ஆண்ட நேச நாடுகளின் நிர்வாகம், ஒரே கட்டளைக்கு இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அசையும் காட்சியை ஐயத்தோடு நோக்கியது. 1946இல் அறிமுகமான புதிய பயிற்சி வரிசை மக்களிடம் எடுபடவும் இல்லை. 1947இல் ஒலிபரப்பு நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1951 மே மாதத்தில், இன்று வழங்கும் முதலாம் வரிசை ஹத்தோரி தாதாஷியின் இசையோடு ஒலிக்கத் தொடங்கியது; சற்றுக் கடினமான இரண்டாம் வரிசை அடுத்த ஆண்டில் வந்தது. முன்னதன் பதின்மூன்று அசைவுகளும் மூன்று நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் முடிந்துவிடும். கைகளை மேலே தூக்கி முதுகை நிமிர்த்துவதில் தொடங்கி, தோள்களைச் சுழற்றி, மார்பை விரித்து, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் வளைந்து, இடுப்பைத் திருகி, இரு கால்களாலும் குதித்து, ஆழ்ந்த மூச்சில் முடிவது அதன் அமைப்பு. எந்தக் கருவியும் வேண்டாம், தனி உடையும் வேண்டாம். முழங்கால் வலிப்பவர் குதிப்பதை விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்யலாம். இம்முறை கட்டாயம் எதுவும் இல்லை என்பதே பழைய வரிசைக்கும் புதியதற்கும் உள்ள பெரிய வேறுபாடு.

இதே ஆண்டுகளில் நாட்டின் நோய்முகமும் மாறிக்கொண்டிருந்தது. 1950 வரை மரணத்துக்கு முதற்காரணமாயிருந்த காசநோய் பின்வாங்க, 1951 முதல் 1980 வரை அவ்விடத்தைப் பக்கவாதம், அதாவது மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ நேரும் பாதிப்பு, பிடித்துக்கொண்டது. முந்தியது இளமையின் நோய் என்றால் பிந்தியது பெரிதும் முதுமையின் நோய். ஜப்பானியரின் நீள்வாழ்வு முழுவதையும் காலைப் பயிற்சியின் கணக்கில் எழுதும் கட்டுரைகள் சில உண்டு, அவை நம்பத்தக்கவையல்ல. பக்கவாதம் குறைந்ததற்கு இரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து கட்டுப்படுத்தியதும், 1961இல் நாட்டு மக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைத்ததும், உப்பைக் குறைத்ததும் பெருங்காரணங்கள். மலைப்பாங்கான நகானோ மாநிலத்தின் சாக்கு பகுதியில் 1945 முதல் பணியாற்றிய வக்காத்சுகி தோஷிகாசு என்ற மருத்துவர், கிராமங்களுக்கு நேரில் சென்று நோயாளிகளைப் பார்த்ததோடு, உழவர்கள் நோயை மறைத்து வைப்பதையும் தாங்கிக்கொள்வதையும் கதைப்பொருளாக்கித் தம் மருத்துவமனை ஊழியர்களைக் கொண்டு நாடகங்களும் நடத்தினார்; 1959இல் யாச்சிஹோ என்ற கிராமத்தில் ஊரார் அனைவருக்கும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை தொடங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. குளிர்காலம் முழுவதும் உப்பில் ஊறிய காய்களையும், நொதித்த சோயாவில் செய்த மிசோ கூழிட்ட சாற்றையும் உண்டே கழித்த மக்களிடம், சமையலறைவரை சென்று உப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் ஊர்ப் பெண்களிலிருந்தே திரண்ட நலத் தொண்டர்கள். பக்கவாதத்துக்குப் பேர்போன அம்மாநிலம் பின்னாளில் நாட்டிலேயே நீள்வாழ்வுக்குப் பெயர்பெற்றது. பூங்காவின் பியானோவைவிட இந்தச் சமையலறைப் பேச்சுக்கே அதில் பங்கு கூடுதல்.

உடலசைவின் பயனும் கற்பனையன்று. சான்று பின்னால் வந்தது என்பது மட்டுமே வேறுபாடு. காப்பீட்டு அதிகாரிகள் நம்பிக்கையின் பேரில் தொடங்கியதை, கால் நூற்றாண்டு கழித்து, 1953இல், ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் எண்களால் காட்டினார். லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறி இறங்கிக்கொண்டேயிருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது என்பது அவர் கண்டது. முதுமையைப் பொறுத்தவரை இதயம் ஒன்று மட்டும் கணக்கன்று. நடுவயதுக்குப் பின் தசை சிறிது சிறிதாகக் கரைகிறது; அதோடு கால்வலுவும் சமநிலையும் தளர்கின்றன; ஒரு தடுக்கலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் மீண்டும் தன்காலில் நிற்காமலே போவதுண்டு. தசைகளைத் தொடர்ந்து பயன்படுத்துவதே அத்தேய்வைத் தாமதப்படுத்த அறியப்பட்ட முதன்மை வழி. காலையில் குறித்த நேரத்தில் எழுவது, வீட்டை விட்டு வெளியே வருவது, நாள்தோறும் அதே முகங்களைப் பார்ப்பது, வராதவரை விசாரிப்பது ஆகியவற்றுக்கும் தனிமையில் வாழும் முதியவரிடத்தில் மதிப்புண்டு. இவற்றை எந்தப் பயிற்சி அட்டவணையும் அசைவாகக் கணக்கிடுவதில்லை.

ஜப்பானில் நூறு வயதைக் கடந்தவர்கள் 1963இல் 153 பேர். 2024இல் 95,119 பேர். 65 வயதுக்கு மேற்பட்டோரின் பங்கு 1970இல் மக்கள்தொகையில் 7 விழுக்காட்டைத் தாண்டியது, 1994இல் அது இரட்டிப்பாகி 14ஐ எட்டியது. முதியவர்களைக் கருதி ஒரு வரிசை அமைய வேண்டும் என்ற எண்ணம் அதன்பின்னரே செயலாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை உலக முதியோர் ஆண்டாக அறிவித்த 1999இல், மின்னா நோ தைசோ, அதாவது எல்லோருக்குமான உடற்பயிற்சி, என்ற புதிய வரிசை வெளியாயிற்று. நின்றும் செய்யலாம், நாற்காலியில் அமர்ந்தும் செய்யலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. மறு ஆண்டு ஏப்ரலில், நாற்பது வயதைக் கடந்தவர்கள் அனைவரும் பங்களிக்கும் முதியோர் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. முதியவர் பராமரிப்பில்லாமல் எவ்வளவு நாள் நடமாடுகிறார் என்பது மீண்டும் அரசின் கணக்கேட்டுக்குள் நுழைந்தது; 1916இல் இறப்பு எங்கே இருந்ததோ, அங்கே இப்போது படுக்கையில் கழியும் ஆண்டுகள் வந்து நின்றன. அஞ்சல் காப்பீடு 2007இல் தனி நிறுவனமாக்கப்பட்ட பின்னும், வானொலி உடற்பயிற்சியைப் பரப்பும் பணியை அந்நிறுவனம் கைவிடவில்லை.

இதன் வரம்பையும் சொல்லியாக வேண்டும். முதியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலசைவில் ஈடுபட வேண்டும், அதோடு சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகளை மூன்று நாள்களாவது செய்ய வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. நாளுக்குப் பத்து நிமிடமாக ஒரு நாளும் தவறாமல் வந்தாலும் வாரத்துக்கு 70 நிமிடங்களே ஆகின்றன; அதுவும் அந்தப் பரிந்துரையில் பாதியை எட்டாது. மீதியைப் பூங்காவுக்குப் போகவும் வரவும் நடந்தே ஈடுகட்ட வேண்டும்.