பால்டிமோரிலிருந்து மசாக்காவுக்கு: ஒரு கேள்வித்தாளின் பயணம்

மனநல சிகிச்சைக்குப் போய்வந்த ஒருவரிடம் "இப்போ எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பரவாயில்ல" என்பார். அந்தப் பரவாயில்லையை வைத்துக்கொண்டு சிகிச்சை வேலை செய்ததா என்று எப்படிச் சொல்வது? மனச்சோர்வை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. இருப்பது கேள்வித்தாள்தான்.

அப்படியொரு கேள்வித்தாளின் வேர் அமெரிக்காவின் பால்டிமோரில் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜெரோம் ஃபிராங்க்கும் சகாக்களும் பேச்சு சிகிச்சையால் நோயாளிகள் தேறுகிறார்களா என்று பார்க்க அறிகுறிப் பட்டியல் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். 1954இல் அந்த ஆய்வு வெளியானது. அந்தப் பட்டியல் வளர்ந்து, 1974இல் 58 கேள்விகளாக நின்று, பிறகு 25 ஆகச் சுருங்கியது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எளிதில் அழுகை வருகிறதா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' தொடங்கி 'மிக அதிகம்' வரை நான்கு படிகள்.

வியட்நாம், லாவோஸ், கம்போடியப் போர்களிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு 1981இல் பாஸ்டனில் ஒரு மனநல கிளினிக் தொடங்கியது. அங்கே ரிச்சர்ட் மோலிகாவின் குழு இந்த 25 கேள்விகளையும் மூன்று மொழிகளில் கொண்டுவந்து, 1987இல் வெளியிட்டது. பட்டியலில் 'ஃபீலிங் ப்ளூ' என்றொரு வரி உண்டு. அதை அப்படியே தமிழாக்கினால் 'நீலமாக உணர்கிறேன்'. நம்மூரில் உடம்பு நீலம் பாரித்தால் பாம்பு கடித்திருக்குமோ என்றுதான் பயப்படுவோம்.

மொழிபெயர்ப்பைச் சோதிக்க ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரையால் பிரபலமான ஒரு வழி உண்டு. ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். இரண்டும் ஒத்துப்போனால் சரி. எங்கள் தொழிலிலும் இதே சோதனை இருக்கிறது: என்கோட் செய்து டிகோட் செய்தால் அதே டேட்டா திரும்பி வரணும். ஆனா 'நீலமாக உணர்கிறேன்' இந்தச் சோதனையில் ஜம்முன்னு தேறிவிடும்! திரும்ப மொழிபெயர்த்தால் அச்சு அசலாக 'ஃபீலிங் ப்ளூ'. சொல்லுக்குச் சொல் செய்த மோசமான மொழிபெயர்ப்புதான் இதில் சுலபமாகப் பாஸாகும். கேட்கிறவருக்கு என்ன புரிந்தது என்பது இந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை.

பால் போல்டன் இதே பட்டியலை, 1994 இனப்படுகொலைக்குப் பிந்தைய ருவாண்டாவுக்குக் கொண்டுபோனபோது வேறு வழியில் போனார். மதிப்பெண்ணைச் சரிபார்க்க வழக்கமாக மனநல மருத்துவரின் முடிவோடு ஒப்பிடுவார்கள். அங்கே அந்த வசதி இல்லை. அதனால் முதலில் ஊர்க்காரர்களிடம் அவர்கள் துயரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். 'அகஹிண்டா' என்றொரு சொல் கிடைத்தது, பெருந்துக்கம். யாருக்கு அது இருக்கிறதென்று ஊரும் சம்பந்தப்பட்டவரும் ஒருசேரச் சொல்கிறார்களோ, அவர்களுடைய மதிப்பெண் மற்றவர்களைவிட உயர்கிறதா என்று பார்த்தார்.

பிறகு, எய்ட்ஸ் சூறையாடிய தெற்கு உகாண்டாவின் மசாக்கா, ராக்காய் மாவட்டங்கள். லுகாண்டா மொழியில் இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒன்று தன்னையே வெறுப்பது, இன்னொன்று தன்மேல் இரங்கிக்கொள்வது. மனச்சோர்வின் அறிகுறிகள் பலவும் இவற்றுக்குள்ளேயே இருந்தன. 'நலம்' என்றால் என்ன என்பதையும் அந்த மக்களிடமே கேட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பட்டியல்: குளிப்பது, பயிர் செய்வது, ஊர்க் கூட்டத்துக்குப் போவது, சாவு வீட்டுச் சடங்கில் கலந்துகொள்வது.

30 கிராமங்களில் ஏறக்குறைய பாதியில் 16 வாரம் குழுப் பேச்சு சிகிச்சை நடந்தது. முடிவுகள் 2003இல் வந்தன. சிகிச்சை பெற்றவர்களின் சோர்வு மதிப்பெண் சராசரியாக 17.47 குறைந்தது. பெறாதவர்களுக்கு 3.55. பெருஞ்சோர்வு என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் சிகிச்சைக் குழுவில் 86 சதவீதத்திலிருந்து 6.5 ஆனார்கள், மற்ற குழுவில் 94இலிருந்து 54.7.

அந்த 3.55ஐத் தாண்டிப் போகாதீர்கள். எதுவுமே செய்யாமல் எண் தானாகவும் இறங்கும். காலம் ஆற்றியிருக்கலாம், கேட்டவர் மனம் கோணக் கூடாதென்று நல்ல பதில் சொல்லியிருக்கலாம். ஒப்பிட ஆளில்லாமல் முன்பின் கணக்கு மட்டும் போட்டால் அத்தனையும் சிகிச்சையின் பெயரில் வரவாகிவிடும். கேள்வியே புரியாமல் போனால் இதற்கு நேர்மாறு: ஆள் தேறியிருப்பார், எண் அசையாது. அதைப் பார்த்து ஒரு நல்ல சிகிச்சையை மூடிவிடவும் முடியும்.

தூங்கினாயா என்பதோடு, பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போக முடிந்ததா என்றும் மசாக்காவில் கேட்டார்கள். இரண்டாவது கேள்வி பால்டிமோரிலிருந்து வந்ததல்ல.