பச்சைக்கிளி போய் லவ் பேர்ட்ஸ் வந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி ஆறுவதற்குள் படித்துவிட முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். 1994இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இப்போது அவள் மகளே ஐந்தாம் வகுப்பு. "டீச்சர், போன வருஷம் காத்துல பின்னாடி இருந்த பட்ட பனைமரம் சாஞ்சிருச்சு. பொந்துக்குள்ள ரெண்டு கிளிக்குஞ்சு இருந்துச்சு. ஒண்ணு பிழைக்கல. இன்னொண்ண பாப்பா வளத்துட்டா. இப்ப அது அவள 'அக்கா'ன்னு கூப்பிடுது. பக்கத்து வீட்டுக்காரர், கிளி வளக்கிறது சட்டப்படி குத்தம்னு சொல்றாரு. கூண்டத் திறந்து விட்ரட்டுமா டீச்சர்?"

"திறக்காதே" என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய வாய், சும்மா இருக்காது.

நம் ஊரில் கிளிக்கும் மனிதருக்கும் உள்ள உறவு பாசத்தில் தொடங்கவில்லை, சண்டையில்தான் தொடங்கியது. சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்துப் பெண்களின் பெரிய வேலை தினைப்புனம் காப்பது. கதிர் முற்றும் காலத்தில் பரண் மேல் ஏறி நின்று கிளி ஓட்டுவார்கள். அதற்கென்றே தட்டை, தழல், குளிர் என்று கருவிகள் இருந்தன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இவை வருகின்றன. கல் எறியக் கவண் வேறு. வள்ளி ஆலோலம் பாடியதும் இந்தக் கிளிகளை விரட்டத்தான். தினையைத் தின்ன வந்த திருடனாகத்தான் கிளி நமக்கு அறிமுகம்.

ஆனால் அந்தத் திருடன் அழகாக இருந்தான். சொன்னதைத் திருப்பிச் சொன்னான். அதனால் காட்டில் விரட்டிய பறவையை வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டோம். வாத்ஸ்யாயனர் சொல்லும் அறுபத்து நான்கு கலைகளில் கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கற்றுக்கொடுப்பதும் ஒன்று. தமிழில் காதலனுக்குத் தூது அனுப்பவும் கிளியே ஏற்றது என்று கண்டார்கள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பாடிய 'அழகர் கிள்ளைவிடு தூது' அப்படிப்பட்ட நூல்தான்.

நம் கிளியின் புகழ் கடல் தாண்டியும் போனது. அலெக்சாண்டர் வருவதற்கு முன்பே, பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த தெசியாஸ் என்ற கிரேக்கர் இந்தியக் கிளியைப் பற்றி எழுதிவிட்டார். அது இந்திய மொழி பேசும், கிரேக்கம் கற்றுக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்று அவர் வியந்தார். தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய கிளி இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் அலெக்சாண்டர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிப்பார்களாம். இல்லாவிட்டால் அதற்கு உறைக்காதாம்! என் பிரம்பை நினைத்துச் சிலர் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரியுங்கள். "கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காதே, புரிஞ்சு சொல்லு" என்று உங்களைத் திட்டியதும் நான்தான்.

கோயில்களிலும் கிளிதான். மதுரை மீனாட்சி கையில் கிளி. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் இடக்கையில் கிளி. திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் கிளி உருவம் கொண்டார் என்ற கதையால் ஒரு கோபுரத்துக்கே கிளிக்கோபுரம் என்று பெயர். மீனாட்சி கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்று உண்டு. முன்பு அங்கே கூண்டுகளில் நிஜக் கிளிகள் இருந்தன. இப்போது கூண்டும் இல்லை, கிளியும் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். என் பாட்டி வீட்டுத் திண்ணையில், 1960களில், உத்தரத்தில் ஓர் இரும்புக் கூண்டு தொங்கும். பனையேறிகள் பொந்திலிருந்து எடுத்து வந்து கொடுத்த குஞ்சு அது. பழுத்த மிளகாய், கொய்யா, வேலியில் பழுத்த கோவைப்பழம், ஊறவைத்த கடலைப்பருப்பு எல்லாம் தின்னும். யார் படியேறினாலும் "யாரு வந்திருக்கா?" என்று கேட்கும். ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் கிளி இருந்தது. கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமுமாக வளையம் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். ஆணுக்கும் அந்த வளையம் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியாது. அதனால் வளையம் இல்லாத கிளிக்கெல்லாம் பெண் பெயர் வைத்துவிடுவோம். பிறகு ஒருநாள் 'மீனா'வுக்கு வளையம் முளைக்கும்!

அப்போது எங்களுக்குத் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குஞ்சின் தாய்ப்பறவை என்ன செய்திருக்கும்? ஒவ்வொரு திண்ணைக் கிளிக்கும் பின்னால் ஒரு வெறும் பொந்து இருந்தது. பிடிக்கும்போதும் கூடையில் அடைத்துக் கொண்டுபோகும்போதும் செத்த குஞ்சுகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடல் கடந்து போனவையும் உண்டு. இன்று லண்டன், பிரசெல்ஸ் பூங்காக்களில் நம் பச்சைக்கிளிகள் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. கூண்டிலிருந்து தப்பியவற்றின், திறந்து விடப்பட்டவற்றின் வாரிசுகள்தான் அவை.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990-91இல் நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதும் வாங்குவதும் தடை செய்யப்பட்டது. 2022இல் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பச்சைக்கிளி இப்போது அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம், ஜோசியத்துக்கு வைத்திருந்தாலும் குற்றம். 2024 தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியரிடமிருந்து வனத்துறை கிளிகளைக் கைப்பற்றிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும்.

பச்சைக்கிளி போன இடத்துக்கு வந்ததுதான் நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் குட்டிக்கிளி. உண்மையில் அதன் பெயர் பட்ஜெரிகார், சுருக்கமாக பட்ஜி. அது ஆஸ்திரேலியப் பறவை. அசல் லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். கொண்டையோடு கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த காக்கடியலும் ஆஸ்திரேலியாதான். அதை நம் கடைக்காரர்கள் 'காக்டெயில்' ஆக்கிவிட்டார்கள். பரவாயில்லை, பறவைக்குக் கோபம் வராது.

ஜான் கௌல்ட் என்ற பறவை நிபுணர் 1840இல் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். காட்டில் அவை பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும். கூண்டில் இனப்பெருக்கம் செய்தபோதுதான் முழு மஞ்சள், நீலம், வெள்ளை எல்லாம் வந்தன. ஆஸ்திரேலியா 1960இலேயே தன் நாட்டுப் பறவைகளின் ஏற்றுமதி வியாபாரத்தை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று நம் கடைகளில் இருக்கும் பட்ஜி, தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தது. அதற்காக எந்தப் பொந்தும் காலியாகவில்லை. இதை வளர்க்கச் சட்டத்தில் தடையில்லை. பச்சைக்கிளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒரு வேடிக்கை பார்த்தீர்களா? பட்ஜிக்குப் பிடித்த தீனி தினை. கிளியிடமிருந்து தினையைக் காக்கப் பரண் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இப்போது கிலோ கணக்கில் தினை வாங்கிக் கிளிக்கே போடுகிறோம்!

வளர்ப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பட்ஜி கூட்டமாக வாழும் பறவை. ஒற்றையாக வைக்காதீர்கள். மூக்கின் மேல் பகுதி நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். தினையோடு கம்பு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி கொடுங்கள். கடற்கரையில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டி வையுங்கள், அதுதான் அதற்குச் சுண்ணாம்புச் சத்து. சாக்லேட்டும் அவகாடோ பழமும் வேண்டவே வேண்டாம். கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. அது பக்கவாட்டில் பறக்கும் பிராணி.

இப்போது நான் தள்ளிப்போட்ட விஷயம்.

1986இல் என் மகனுக்காக ஒரு கிளிக்குஞ்சு வாங்கினேன். மணி என்று பெயர் வைத்தான். ஏழு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது. நான் அவனை எழுப்பும் குரலிலேயே "எந்திரிடா, பள்ளிக்கூடம்" என்று கத்தும். 1993இல் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சி முகாமில் இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். வெட்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே குற்றம் செய்கிறேனே என்று அன்று சாயங்காலமே கூண்டை மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். மணி வெளியே வந்து கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. போகவில்லை. நான் துண்டை வீசி "ச்சூ, போ" என்று விரட்டினேன். தட்டுத் தடுமாறி எதிர்வீட்டு முருங்கைமரம் வரை பறந்தது. அங்கிருந்து என் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. இருட்டும் நேரம். காலையில் காக்கைகள் கத்தின. மரத்தடியில் பச்சை இறகுகள் கிடந்தன.

ஏழு வருஷம் தட்டில் போட்டதைத் தின்ற பறவைக்கு இரை தேடத் தெரியாது. காக்கையைக் கண்டு ஒளியத் தெரியாது. இறக்கையில் பலமும் கிடையாது. சட்டம் எதற்காக வந்தது என்று நான் யோசிக்கவில்லை. "கிளி வளர்ப்பது குற்றம்" என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். புரியாமல் ஒப்பித்த கிளிப்பிள்ளை அன்று நான்தான். என் மகன் அதன்பின் மணியைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அவனும் இந்தப் பதிவைப் படிப்பான். முப்பது வருஷம் கழித்துச் சொல்கிறேன். தப்பு என்னுடையதுதான்பா.

அதனால்தான் என் மாணவியிடம் திறக்காதே என்றேன். மாவட்ட வன அலுவலகத்துக்குப் போன் செய்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி ஒப்படைத்துவிடு என்றேன். பறவை பறக்குமா, தானாக இரை தேடுமா என்று பார்த்துப் பழக்கி, பிறகு விடுவதுதான் முறை. இன்னொன்றும் சொன்னேன். பாப்பா தூங்கும்போது கொண்டுபோகாதே, அவளையும் கூட்டிக்கொண்டு போ.

அப்படியே செய்திருக்கிறாள். திரும்பி வரும்போது பாப்பா கேட்டாளாம், "அது 'அக்கா'ங்கிறத மறந்துருமாம்மா?" என்று. மறந்துவிட்டால் அது பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம் என்று பாப்பாவிடம் சொல்லச் சொன்னேன்.

திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குத் தினமும் புதுக்கிளி செய்கிறார்கள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் அலகு. எந்தப் பொந்தையும் காலி செய்யாத கிளி அது. இந்த விடுமுறையில் அதைப் பார்க்கப் பாப்பாவை அழைத்துப் போகப் போகிறேன்.

உங்கள் வீட்டுக் கிளிக் கதைகளைக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போல் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்